பங்குத்தந்தையைப் படம் வரைந்த சிறுவன்

திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் சுற்றுப்புறத்துக் குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மறைக்கல்வி நடத்தி வருகிறேன். 2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒருநாள், ஏழாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருப்பதைக் கண்டேன். வாங்கிப் பார்த்தால் அதில் நான் இருந்தேன். மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி. ஒரு கையில் விவிலியம். மறு கை முழங்காலில் அமர்ந்த கொசுவை அடிக்க ஓங்கியிருந்தது. மற்றப் பிள்ளைகள் அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போது வெடித்தது. அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கால்மணி நேரம் அவனுக்குப் பத்துக் கட்டளைகளை விளக்கினேன். அவற்றுள் எதை அவன் மீறினான் என்பது எனக்கே இன்றுவரை தெளிவாகவில்லை.

அவ்வாண்டின் இறுதியில், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் புனித சவேரியாரின் திருவுடல் வணக்கத்துக்காகப் பேருந்தொன்றை அமர்த்திக்கொண்டு கோவா சென்றோம். பழைய கோவாவில் நெடிய வரிசையில் நின்று வணங்கிவிட்டு, மாலையில் பனாஜிக் கடைத்தெருவில் சுற்றினோம். அங்கே ஒரு கடையில் தேநீர்க் கோப்பை, சுவர் ஓடு, துணிப்பை, நாட்காட்டி என எதை எடுத்தாலும் ஒரே கையின் சித்திரங்கள். முட்டை முட்டையாய் விழித்த கண்கள், கூரிய மூக்குகள், குடை பிடித்த மூதாட்டியர், அங்கி காற்றில் பறக்க விரைந்து நடக்கும் குருக்கள், கால்களுக்கிடையே புகுந்தோடும் நாய்கள். அந்தக் கை மாரியோ மிராண்டாவினுடையது. அவர் நூல்களில் ஒன்றை அங்கேயே வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் அதைப் புரட்டிக்கொண்டு வந்தேன். ஊர் வந்த பின்னும் தேடிப் படித்தேன். அந்தப் படிப்பின் பயனே இக்கட்டுரை.

மாரியோவின் முழுப் பெயர் நீண்டது: மாரியோ ஜோவாவ் கார்லோஸ் டோ ரொசாரியோ டி பிரிட்டோ மிராண்டா. (நம் ஓரியூர் அருளானந்தரின் குடும்பப் பெயரான டி பிரிட்டோ இதற்குள் ஒளிந்திருப்பதைக் கண்டு பேருந்தில் அனைவருக்கும் ஒரு மகிழ்ச்சி.) 1926 மே 2ஆம் நாள், அப்போது போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த டாமனில் பிறந்தார். குடும்பத்தின் ஊர் தென்கோவாவில் மட்காவுக்கு அருகிலுள்ள லோட்டோலிம். அங்கே அவர்களுடைய மூதாதையர் இல்லம் முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. ஷியாம் பெனகல் 1985இல் வெளியிட்ட 'திரிகால்' திரைப்படத்தைப் பார்த்தோர் அவ்வீட்டைப் பார்த்திருப்பர். படம் பிடிக்கப்பட்டது அங்கேதான்.

இக்குடும்பத்துச் சிறுவன் வீட்டுச் சுவர்களில் படம் வரையத் தொடங்கினான். வெள்ளையடித்த சுவரில் கரிக்கோடு விழுந்தால் நம் வீடுகளில் என்ன நிகழும் என்பதை நாம் அறிவோம். அவனுடைய தாய் ஒரு வெற்றுக் குறிப்பேட்டை வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தார். அதைச் சிறுவன் தன் 'நாட்குறிப்பு' என்று அழைத்தான். ஓவிய ஆசிரியர் எவரும் அவனுக்கு வாய்க்கவில்லை. அவனுக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும் அந்த ஏட்டிலேயே நடந்தது. பெங்களூரில் புனித சூசையப்பர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியிலும், பம்பாயில் புனித சவேரியார் கல்லூரியில் வரலாறும் பயின்றார். பெற்றோரின் விருப்பத்துக்கிணங்கக் கட்டடக் கலை கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டார். கலைக்கூடத்தில் முறையாகப் பயின்று பட்டம் பெற்றதில்லை. பள்ளி நாட்களில் குருக்களைப் படம் வரைந்து தண்டனைக்கு ஆளானதும் உண்டு. இதைப் படித்தபோது என் சட்டைப்பையில் கிடந்த தாள் நினைவுக்கு வந்தது.

தாமே கற்றவர் என்று ஒருவரைப் பாராட்டும்போது நாம் பெரும்பாலும் அவருடைய துணிவையே எண்ணிக்கொள்கிறோம். எந்த முறையில் கற்றார் என்று கேட்பதில்லை. ஜப்பானியப் படக்கதையின் தந்தையெனப் போற்றப்படும் ஒசாமு தெசுகா (1928–1989) ஒசாகாவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். ஓவியத்தைத் தாமே பயின்றார். நம்மவரான ஆர்.கே. லட்சுமண் (1921–2015) மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி அவருக்கு இடம் தர மறுத்தது. பிற்காலத்தில் அந்த லட்சுமணும் மாரியோவும் ஒரே 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தில் வரைந்தனர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆயினும் இருவரும் கற்ற வழி வேறு. லட்சுமணின் தூரிகைக் கோடு ஓர் ஆளைக் கண்டதும் அவனுக்குரிய தீர்ப்பை எழுதிவிடும். மாரியோவின் பேனாவுக்கு அந்த அவசரம் கிடையாது. நாள்தோறும் மாலையில் உட்கார்ந்து, இன்று யாரைக் கண்டேன், யார் வீட்டுத் திருமணத்துக்குப் போனேன், மேளக்காரர் எப்படித் தூங்கி விழுந்தார் என்று எழுதுவதுபோல் வரைந்த கை அது.

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளின் நாட்குறிப்புகள் தனித்தனி நூல்களாகவே வெளிவந்துள்ளன. மாரியோவைப் பற்றி எழுதுவோர் அவற்றை அவருடைய இளமைக் குறும்பு என்று ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றனர். என் கருத்தில் அவருடைய தலைசிறந்த ஆக்கங்கள் அவையே. இருபத்துமூன்று வயது இளைஞர். வேலை இன்னும் அமையவில்லை. அச்சில் வரும் என்ற எண்ணமும் இல்லை. பத்திரிகை ஆசிரியரையோ வாசகரையோ மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. தம்மையும் விட்டுவைக்காமல், நெடிய, ஒல்லியான, சற்றே அசட்டுத்தனமான இளைஞராக வரைந்துகொள்கிறார். உறவினர், நண்பர், அண்டை அயலார், குருக்கள், குடிகாரர், பாண்டு வாத்தியக்காரர், மீன் விற்கும் பெண்கள் என ஊர் முழுவதும் பக்கங்களில் நடமாடுகிறது. பக்கத்தோடு பக்கமாக அந்த ஓராண்டு வாழ்க்கை நகரும்போது படக்கதை ஒன்றைப் படிக்கும் உணர்வே எழுகிறது.

எங்கள் ஊருக்கு மிக அருகில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைக் காண வெளியூரிலிருந்தெல்லாம் வருகின்றனர். யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது, ஓலையைக் குடத்திலிருந்து எப்படி எடுப்பது என்று யாவும் அக்கல்லில் உள்ளன. ஓலையில் தன் பெயர் வராத மனிதர் வீடு திரும்பும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் இல்லை. அந்த முகத்தைத் தருபவர் மாரியோ போன்றவர்களே. போர்த்துக்கீசியர் கால கோவாவின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதிவிடலாம். 1949இல் லோட்டோலிமில் ஒரு கிழவி கோவிலுக்கு எந்த நடையில் போனாள் என்பதற்கு இந்நாட்குறிப்பைத் தவிர வேறு சான்று கிடைப்பது அரிது.

அவருடைய தொழில் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். விளம்பர நிறுவனம் ஒன்றில் நான்காண்டு பணி. பின்பு 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி', 'கரண்ட்' ஆகிய இதழ்களில் இடம். போர்ச்சுக்கலின் குல்பென்கியான் அறக்கட்டளை தந்த உதவித்தொகையில் ஓராண்டு லிஸ்பனிலும், அதன்பின் இங்கிலாந்திலும் இருந்தார். பம்பாய் திரும்பி 'டைம்ஸ்' குழுமத்தின் 'எகனாமிக் டைம்ஸ்', 'ஃபெமினா' முதலிய இதழ்களுக்கு வரைந்தார். டாம் மொராயஸ், மனோகர் மல்கோன்கர் முதலியோரின் நூல்களுக்குச் சித்திரம் தீட்டினார். மகாராஷ்டிர அரசின் ஆங்கிலப் பாடநூல்களிலும் அவர் படங்கள் இடம்பெற்றமையால், அம்மாநிலத்தில் ஒரு தலைமுறையே அவர் பெயரை அறியுமுன் அவர் கோட்டை அறிந்துகொண்டது. பம்பாய் கொலாபாவிலுள்ள மொண்டேகர் உணவகத்தின் சுவர்களில் இன்றும் அவர் வரைந்த கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்கிறது. 1988இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண், மறைவுக்குப் பின் 2012இல் பத்மவிபூஷண். 2011 டிசம்பர் 11 அன்று லோட்டோலிம் இல்லத்திலேயே காலமானார்.

மாரியோவின் கோட்டில் ஆங்கிலேய ஓவியர் ரொனால்ட் சேர்லின் செல்வாக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. சேர்லின் கதையை நம்மவர் அறிந்திருப்பது நல்லது. 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டு, சயாம் - பர்மா இரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்த அதே பாதை. அங்கே தாம் கண்டதைத் திருட்டுத்தனமாக வரைந்து, வாந்திபேதியில் கிடந்தோரின் படுக்கைக்கடியில் அத்தாள்களை ஒளித்துவைத்தார். காவலர் அந்நோய்க்கு அஞ்சி நெருங்கமாட்டார்கள் அல்லவா! போருக்குப் பின் பெண்கள் பள்ளி ஒன்றின் குறும்புகளை வரைந்து உலகைச் சிரிக்க வைத்தவரும் அவரே. சேர்லின் சிரிப்பில் ஒரு கசப்பு அடியோடிக் கிடப்பதன் காரணம் இதனால் விளங்கும். மாரியோ அவரிடமிருந்து கோட்டை எடுத்துக்கொண்டார், கசப்பை எடுக்கவில்லை. அதற்குரிய வாழ்வு அவருக்கு வாய்க்கவில்லை என்றும் சொல்லலாம். இருவரும் 2011 டிசம்பர் மாதத்திலேயே, பத்தொன்பது நாள் இடைவெளியில் மறைந்தனர்.

இனி அவருடைய கூட்டங்களுக்கு வருவோம். மாரியோவின் புகழ் இவற்றால் அமைந்தது. ஊர்த் திருவிழா, சந்தை, திருமண விருந்து, பம்பாய் மின்சார இரயில் நிலையம் என்று எதை வரைந்தாலும் தாளில் வெற்றிடம் விடமாட்டார். தரையின் ஓட்டு வேலைப்பாடு, சன்னல் கிராதி, சேலைக் கரை, தென்னங்கீற்று வரை மெல்லிய கோடுகள் பின்னிக் கிடக்கும். முதற்பார்வைக்கு மூச்சு முட்டும். இதனாலேயே சிலர் இவரை அலங்காரக்காரர் என்று ஒதுக்குவர். ஐந்து நிமிடம் பொறுமையோடு பார்த்தால் வேறொன்று புலப்படும். இருநூறு பேர் கூடிய படத்திலும் ஒரே மூக்கு இருவருக்குக் கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் காரியத்தில் ஈடுபட்டிருக்கின்றனர். ஒருவர் வாத்தியத்தை ஊதுகிறார். அடுத்தவர் அவர் காதுக்கருகில் கொட்டாவி விடுகிறார். ஒரு பெண் குழந்தையின் மூக்கைத் துடைக்கிறாள். மூலையில் நாய் ஒன்று யாருடைய மீனையோ நோட்டம் விடுகிறது. படத்தின் நாயகர் என்று எவரையும் சுட்டமுடியாது.

நம் கோபுலுவும் (1924–2015) கூட்டத்தை வரைவதில் வல்லவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் தீட்டிய கச்சேரி மேடைகளை மறக்கமுடியுமா? ஆனால் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்ற அவர் கூட்டத்தைக் கட்டுக்கோப்பாக அமைப்பார். நம் கண் எங்கே போய் நிற்கவேண்டும் என்பதை அவர் முன்னரே முடிவுசெய்திருப்பார். மாரியோவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. குறையாகத் தொடங்கிய இதுவே அவரிடம் தனிச்சிறப்பாக மாறியது என்று நினைக்கிறேன். எவரை முன்னே நிறுத்துவது, எவரைப் பின்னே தள்ளுவது என்று கற்றுக்கொள்ளாத கை, எல்லோருக்கும் சமமாகக் கோடு போட்டுவிட்டது. ஊர்த் தலைவரின் தொப்பிக்கு எத்தனை கோடோ, சுண்டல் விற்பவளின் கூடைக்கும் அத்தனை கோடு. அச்சரப்பாக்கம் மழைமலை மாதா திருவிழாவில் மலையேறும் மக்களைக் காணும்போதெல்லாம் இப்போது எனக்கு அவர் நினைவு வருகிறது.

குருக்களையும் அவர் இக்கூட்டத்துக்குள்ளேயே வைத்தார். நம் சமயத்தார் பலருக்கு இதில் தயக்கம் எழலாம். பருத்த குரு, தூங்கும் குரு, விருந்தில் இரண்டாம் முறை பரிமாறப்படுவதற்குத் தட்டை நீட்டும் குரு என்றெல்லாம் வரைவது முறையா? இக்கேள்வியோடுதான் நானும் புரட்டினேன். மாரியோவின் குரு எப்போதும் மக்களின் நடுவில் நிற்கிறார் என்பதைக் கண்டபின் தயக்கம் நீங்கிற்று. திருச்சபையை வெளியிலிருந்து கல்லெறிபவரின் கோடு வேறு. பூசை மணி கேட்டு எழுந்து வளர்ந்தவரின் கோடு வேறு. பின்னது, தன் தாத்தாவின் குறட்டையைப் பேரன் நடித்துக்காட்டுவது போன்றது. சக்கேயு மரத்தில் ஏறி உட்கார்ந்த காட்சியை மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வரி வசூலிக்கும் பெரிய மனிதர் அத்திமரக் கிளையில் தொங்கியதைக் கண்டு எரிகோ மக்கள் சிரித்திருக்கமாட்டார்களா என்று இப்போது தோன்றுகிறது. மாரியோ இருந்திருந்தால் அந்தச் சிரிப்பையும் வரைந்திருப்பார்.

இத்தனையும் கூறியபின் குறைகளையும் கூறவேண்டும். இரண்டு குறைகள், முதலாவது சிறிது, இரண்டாவது எனக்குப் பெரிது.

கோவா வீடுகளின் முகப்பில் உட்காருவதற்கு மேடை அமைத்த ஒரு முன்மண்டபம் உண்டு, 'பல்காவ்' என்பர். நம் திண்ணையின் உறவு எனலாம். மாலைநேரம் அங்கே அமர்ந்தால் தெருவில் போவோர் வருவோர் அனைவரையும் காணலாம். மாரியோவின் கோவா பெரும்பாலும் அந்தப் பல்காவிலிருந்து கண்ட கோவா. கள்ளிறக்குபவரும் மீன்காரியும் வயலில் குனிந்திருப்பவரும் அன்போடு வரையப்பட்டிருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய வீட்டுக்குள்ளிருந்து பெரிய வீட்டைப் பார்க்கும் பார்வை அதில் இல்லை. அவருடைய முன்னோர் சாரஸ்வத பிராமணர்களாயிருந்து கிறித்தவம் தழுவியவர்கள். கோவா, தமிழகம் இரண்டிலும் திருமுழுக்குத் தண்ணீர் சாதியைக் கழுவிவிடவில்லை என்பதை நாம் நன்கறிவோம். நம் பக்கத்துப் பங்குகளில் கல்லறைத் தோட்டத்திலேயே அதற்குச் சான்று தேடலாம். மேலும் 1946 ஜூன் 18 அன்று, லோட்டோலிமுக்கு மிக அருகிலுள்ள மட்காவில்தான் ராம் மனோகர் லோகியா தடையை மீறிப் பேசிக் கைதானார். 1961 டிசம்பரில் 451 ஆண்டுப் போர்த்துக்கீசிய ஆட்சி முடிவுற்றது. இந்தப் பெரும் கொந்தளிப்பைவிடத் திருவிழாவும் விருந்துமே மாரியோவின் பக்கங்களில் மேலோங்கி நிற்கின்றன. இதைக் குற்றம் என்று கூறமாட்டேன். திண்ணையிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் அவர் நேர்மையாக வரைந்தார்.

இரண்டாவது குறை பம்பாய்ப் பத்திரிகைப் படங்களில் உள்ளது. அங்கே அவர் நாள்தோறும் ஒரு சிரிப்பைத் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகச் சில நிலையான பாத்திரங்களைப் படைத்தார். பண்டல்தாஸ் என்ற அரசியல்வாதி, அவர் பக்கத்தில் நிற்கும் கையாள் மூன்சாமி (நம் முனுசாமிதான், வேறு யார்?), ரஜனி நிம்புபானி என்ற திரைநட்சத்திரம், கோட்போலே என்ற எழுத்தர், பெயரில்லாத முதலாளி, அவருடைய செயலாளர் மிஸ் ஃபொன்சேகா. இறுதியாகக் கூறிய பெண்தான் மிகுந்த புகழ் பெற்றவள். புள்ளிபோட்ட குட்டைப் பாவாடை, மிதமிஞ்சிய உடல் வளைவு, முதலாளியின் வழியும் பார்வை. பெயரைக் கேட்டதும் சமயம் விளங்கிவிடும். சமயம் விளங்கியதும் எஞ்சியதை வாசகரே கற்பனை செய்துகொள்வார்.

இந்திப் படங்களும் நம் தமிழ்ப் படங்களும் பல்லாண்டு இதே வேலையைச் செய்தன. கிறித்தவப் பெண் என்றால் பாவாடை, நடன விடுதி; கிறித்தவ ஆண் என்றால் கையில் புட்டி. அவர்களெல்லாம் வெளியார், அறியாமையால் செய்தனர் என்று விடலாம். மாரியோ உள்ளிருந்தவர். கிராமத்துக் கிழவிகளின் குடைப்பிடியில்கூட வேறுபாடு கண்ட அவர், ஊரைவிட்டு வந்து பம்பாயில் தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்த கோவாப் பெண்களை மட்டும் ஒரே அச்சில் வார்த்தது ஏன்? விடை எளிது. நாட்குறிப்பில் அவர் பார்த்ததை வரைந்தார்; பத்திரிகையில் வாசகர் எதிர்பார்த்ததை வரைந்தார். எதிர்பார்ப்பை வரைவதற்குப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. கோடு அதே அழகோடுதான் இருக்கிறது என்பது வருத்தத்தை மிகுவிக்கிறது.

நான் இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் மூத்த அக்காள் 1970களில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் உயர்நிலை தேறி, சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்தவர். ஞானப்பெயர் ஸ்டெல்லா என்ற ஒன்றே அங்கிருந்த சிலருக்குப் போதுமானதாக இருந்தது. மதிய உணவு வேளையில் அவர் காதுபடச் சொல்லப்பட்ட நகைச்சுவைகளை வீட்டில் எங்களிடம் அவர் ஒருபோதும் கூறியதில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் தனியே உட்கார்ந்து உண்டதைப் பல ஆண்டு கழித்து வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தோம். அவர் அனுப்பிய பணத்தில் நானும் என் தம்பியும் படித்தோம்.

கோவாவிலிருந்து கொணர்ந்த நூலை அக்காளிடம் காட்டினேன். வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. திருவிழாப் படங்களை நெடுநேரம் பார்த்தார். தேர்பவனிக்குப் பின்னால் பாண்டு வாத்தியக்காரர் ஒருவரின் கால்சட்டை நழுவுவதைக் காட்டி வாய்விட்டுச் சிரித்தார். அலுவலகப் படம் வந்தது. முதலாளியைக் கண்டும் சிரித்தார், "அப்படியேடா!" என்றார். பிறகு மிஸ் ஃபொன்சேகாவைக் கண்டதும் விரல் நின்றுவிட்டது.

"இவ மாசாமாசம் ஊட்டுக்கு மணியார்டர் அனுப்பியிருப்பாளே, அத யாருடா வரைஞ்சான்?" என்று கேட்டார். புத்தகத்தை மூடவில்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மாரியோவைப் பற்றி நான் படித்த திறனாய்வுகள் எவற்றிலும் இக்கேள்வியைக் காணவில்லை. அவருடைய கலையின் இரு பகுதிகளையும் பிரித்துக்காட்ட இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குக் கிடைக்கவும் இல்லை. லோட்டோலிம் பக்கங்களில் வரும் எந்த ஒரு பெண்ணைப் பற்றியும் நாம் அவ்வாறு கேட்கத் தோன்றாது. குடையும் செபமாலையும் கூடையுமாக அவள் வரும்போதே அவளுடைய வீடும் கடனும் மூட்டுவலியும் கூடவே வந்துவிடுகின்றன. மிஸ் ஃபொன்சேகாவுக்கு வீடு கிடையாது. அலுவலகம் மூடியதும் அவள் எங்கே போகிறாள் என்பதைப் படைத்தவரே நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் முதுமையில் பத்திரிகை வேலையை விட்டு லோட்டோலிமுக்கே திரும்பினார். நகரங்களையும் வீதிகளையும் நுணுக்கமான கறுப்புக் கோடுகளில் தீட்டினார். 'ஜெர்மனியின் குளிர்காலம்' பற்றி முன்னரே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதைப் போன்றே அமைதியான கட்டடங்கள், பனி, ஆளரவம் குறைந்த தெருக்கள். நகைச்சுவைக்கு அங்கே இடம் குறைவு. பாத்திரங்களைத் துறந்து மீண்டும் பார்க்கத் தொடங்கிய கண்ணை அப்படங்களில் காண்கிறேன். இன்று சந்தையில் விற்பனையாவன பெரும்பாலும் இவையல்ல; கோப்பையிலும் துணிப்பையிலும் குருக்களும் நாய்களும் மிஸ் ஃபொன்சேகாவும் ஊரெங்கும் பயணம் செய்கின்றனர். ஒரு பக்கத்தில் இருநூறு பேரோடு நின்ற மனிதரைப் பிடுங்கித் தனியே கோப்பையில் ஒட்டினால் அவர் வெறும் வேடிக்கைப் பொம்மையாகிவிடுகிறார். மாரியோவை அறிய விரும்புவோர் கடைத்தெருப் பொருட்களை விடுத்து, அந்த மூன்று நாட்குறிப்பு நூல்களில் ஒன்றையேனும் தேடிப் பார்க்க வேண்டுகிறேன். விலை சற்று மிகுதி. ஒரு பங்கு நூலகம் வாங்கிவைத்தால் பலருக்குப் பயன்படும்.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் கோடு போடாத இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி அச்சிறுவனிடம் கொடுத்தேன். கிழித்த தாளையும் மடிப்பை நீவித் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை முதற்பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். இதுவரை நாற்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. எங்கள் தெருவின் ஆடுகள், ஏரிக்கரை, பால் ஊற்றும் பாட்டி, ஒலிபெருக்கி கட்டும்போது ஏணியிலிருந்து சறுக்கிய உபதேசியார், எல்லாரும் உண்டு. நான் இன்னும் மூன்று முறை வருகிறேன். காதுகள் மட்டும் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டன என்பது என் கருத்து. வீட்டில் வேறு கருத்து நிலவுகிறது.